ஒட்டுத்தாள் எங்கே?

கனடாவில் ஓடிய மோட்டார்ஹோமை அமெரிக்காவில் விற்க வேண்டுமா? கட்டில், அடுப்பு, கழிப்பறை எதையும் எல்லையில் யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். ‘அமெரிக்கப் பாதுகாப்புத் தரப்படி செய்தது’ என்று தயாரிப்பாளர் சத்தியம் செய்யும் ஒட்டுத்தாள்தான் வேண்டும். ஓட்டுநர் கதவின் விளிம்பையும் கீல் தூணையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய வண்டிகள் சிலவற்றில் ஓட்டுநருக்குக் கதவே கிடையாது. டாஷ்போர்டின் இடப்பக்கம் தவழ்ந்து தேடுங்கள். வாசலருகே பளபளக்கும் தயாரிப்பாளர் சங்க முத்திரையைக் கண்டு குதிக்க வேண்டாம், அது வேறு. ஒட்டுத்தாளில் மேப்பிள் இலைச் சின்னம் மட்டும் இருந்தால் கனடாவுக்குத்தான் செல்லுபடி.

அகப்படவில்லையா? பொறுத்திருங்கள். பிரேக் தேயத் தேய அரசுக்கு நம்பிக்கை கூடும் போலும்: வண்டிக்கு 25 வயதானால் அமெரிக்கா இந்தச் சான்றைக் கேட்பதில்லை. எதிர்த்திசையில் கனடாவோ 15லேயே மனமிரங்கிவிடும்.