படுக்கப்பட்ட கட்டில்: திருமுக்கூடல் கரையில் ஒரு செயப்பாட்டு ஆராய்ச்சி

பத்தாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகளின் வீட்டுப்பாட நோட்டில்தான் இந்த ஆராய்ச்சியின் விதை விழுந்தது. ‘தே கால்ட் தி மீட்டிங் ஆஃப்’ என்ற வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொல்லியிருந்தார்கள். ‘தி மீட்டிங் வாஸ் கால்ட் பை தெம் ஆஃப்’ என்று அவள் எழுதியிருந்தாள். அந்த ‘ஆஃப்’ஐச் சுற்றி ஆசிரியை சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருந்தார்.

“ஆஃப் ஏன்டி அங்கே போச்சு?” என்றேன்.

“கடைசியில இருந்துச்சு சித்தப்பா, கடைசியிலயே வச்சுட்டேன்.”

“சரி, கூட்டம் நடந்துச்சா இல்லையா?”

“கூப்பிட்டாங்க. அப்புறம் ஆஃப்.”

உலகத்துப் பெரிய ஆராய்ச்சிகள் இதைவிட அற்பமான காரணத்துக்காகத் தொடங்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒரு நோட்டும் இரண்டு மசால்வடையும் எடுத்துக்கொண்டு, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலுக்கு பஸ் ஏறினேன். ஆங்கில இலக்கணத்துக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். நான் சொல்லப்போகிற இடத்தில் சோழர் காலத்திலேயே இலக்கணம் படிப்பவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ‘கால்’ என்றால் கூப்பிடு. அதோடு ‘ஆஃப்’ சேர்ந்தால் ரத்து செய். ‘லுக்’ என்றால் பார்; ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பராமரி; ‘லுக் இன்டு’ என்றால் விசாரி. வாக்கியத்தைச் செயப்பாட்டுக்குத் திருப்பும்போது செய்தவனைக் கடைசிக்குத் தள்ளி ‘பை’ போடலாம். பெரும்பாலும் அதையும் போடுவதில்லை, ஆளையே அனுப்பிவிடுவார்கள். ஆனால் இந்த ஒட்டுச் சொல் மட்டும் வினையை விட்டு நகராது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து ஆள் நழுவிவிட்டான், செருப்பு மட்டும் வாசலில் கிடக்கிறது என்பதுபோல, ‘வாஸ் கால்ட் ஆஃப்’ என்று அந்த ‘ஆஃப்’ வாசலிலேயே கிடக்கும். என் அண்ணன் மகள் செருப்பைத் தூக்கி அடுத்த வீட்டு வாசலில் போட்டதுதான் குற்றம்.

நம்மிடமும் இந்தச் சங்கதி உண்டு. மேற்கொள், கைவிடு, முன்வை, கைப்பற்று என்பவையெல்லாம் தனியாக நின்றால் ஒரு பொருள், சேர்ந்தால் வேறு பொருள் தருபவை. தமிழன் செருப்பை முன்னால் விடுகிறான், வெள்ளைக்காரன் பின்னால் விடுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம். திட்டம் கைவிடப்பட்டது, கருத்து முன்வைக்கப்பட்டது, நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. ஒட்டு முன்னாலேயே இருப்பதால் இதை எந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் தப்பாக எழுதியதில்லை. யார் கைவிட்டார் என்பதை எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை என்பது வேறு விஷயம்.

எல்லா ஒட்டும் ஒட்டல்ல என்பதை எனக்கு விளக்கியவர் இலக்கண வாத்தியார் அல்ல. அய்யம்பேட்டையில் தறி போட்டிருக்கும், எனக்கு அண்ணன் முறையாகிற ஒரு நெசவாளர். பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் தனியாக நெய்து தைப்பதில்லை. உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரண்டு நாடா என்று மூன்றை ஓட்டி, ஊடையை ஊடையோடு கோத்துக்கொண்டே போக வேண்டும். தறிக்காரருக்குக் கூடவே இன்னொரு கை வேண்டும். அதுதான் கோர்வை.

“உடம்பு நைஞ்சு போனாலும் கோர்வை விடாது தம்பி. ஒட்டுன கரைன்னா ஒரு இழு இழுத்துப் பாரு, தெரிஞ்சுடும்” என்றார்.

இழுத்துப் பார்த்தேன். சேலையை அல்ல, ஆங்கிலத்தை. ‘லுக் ஆஃப்டர்’ கோர்வை. ஆகவே ‘குழந்தை வாஸ் லுக்ட் ஆஃப்டர்’ என்று திருப்பினாலும் கிழியவில்லை. ‘ஹி ஸ்லெப்ட் ஆஃப்டர் லஞ்ச்’ என்பதிலும் அதே ‘ஆஃப்டர்’ இருக்கிறது. ஆனால் அது வினையோடு கோத்ததல்ல, மதியச் சாப்பாட்டின் பக்கம் சேர்ந்தது. ‘லஞ்ச் வாஸ் ஸ்லெப்ட் ஆஃப்டர்’ என்று இழுத்தால் டர்ரென்று கிழிகிறது. எந்த இங்கிலீஷ்காரனும் அதைச் சொல்ல மாட்டான். இந்த ஆய்வின் ஒரே கண்டுபிடிப்பு இதுதான். இதற்கு டாக்டர் பட்டம் தர விரும்புவோர் அந்த நெசவாளரிடம் தரவும்.

கண்டுபிடித்த கையோடு விதி ஒரு கட்டிலில் முட்டிக்கொண்டது. ‘ஸ்லீப் இன்’ கோர்வை இல்லை. படுப்பதும் கட்டிலும் தனித்தனிச் சமாசாரம். ஆனாலும் ‘திஸ் பெட் வாஸ் ஸ்லெப்ட் இன்’ என்று அவர்கள் தாராளமாகச் சொல்கிறார்கள். மொழியியல்காரர்கள் இதற்குச் சொல்லும் காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. படுத்து எழுந்தால் விரிப்பு கசங்குகிறது, கட்டிலுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது. அதனால் அது வாக்கியத்தில் முதலிடம் கேட்கலாம். சாப்பாட்டுக்குப் பிறகு நாம் தூங்குவதால் சாப்பாட்டுக்கு ஒன்றும் நேர்வதில்லை.

இதைத் தமிழில் எழுதினால் ‘கட்டில் படுக்கப்பட்டது’. ஒரு ‘படு’ உறங்கப் போக, இன்னொரு ‘படு’ அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல், திராவிட மொழிகளுக்கு உண்மையான செயப்பாட்டு வினை கிடையாது என்ற பொருளில் எழுதினார். ‘படு’ சேர்த்துச் சொல்வது ஏட்டு வழக்கு, ஜனங்கள் வாயில் புழங்குவதில்லை என்பது அவர் கட்சி. நம் பழைய உரைகாரர்களோ ‘படு’வே இல்லாமல் ‘திண்ணை மெழுகிற்று’ என்று காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். திண்ணை தானே மெழுகிக்கொண்டதாம்! மெழுகியவளின் இடுப்பு வலி இலக்கணத்தில் சேர்த்தியில்லை.

கட்டில் என்றதும்தான் திருமுக்கூடல் வருகிறது. அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் (ஆட்சி 1063–1070) நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வேதமும் வியாகரணமும் படிக்கிற மாணவர்களுக்கு விடுதி. அவர்களுக்கும் கோயில் ஆட்களுக்கும் நோய் வந்தால் பார்க்க, வீரசோழன் என்ற பெயரில் 15 கட்டில் கொண்ட ஆதுலர்சாலை. வைத்தியர் ஒருவர், அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுத்து மருந்திட ஒருவர், அவருக்கு 30 கலம். பச்சிலை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர்.

கல்லின் முன் நின்று இதை ஆங்கிலமாக்கினேன். ‘ஃபிஃப்டீன் பேஷன்ட்ஸ் வேர் லுக்ட் ஆஃப்டர் பை டூ விமன்.’ ‘ஆஃப்டர்’, ‘பை’ என்று இரண்டு ஒட்டுகள் சந்தில் இரண்டு சைக்கிள்போல முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆனாலும் இலக்கணம் சுத்தம். என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ‘பை டூ விமன்’. நம் காலத்து அறிக்கையாக இருந்தால் ‘நோயாளிகள் கவனித்துக்கொள்ளப்பட்டனர்’ என்று முற்றுப்புள்ளி வைத்திருப்பார்கள். கல்லில் அப்படி நழுவ முடியவில்லை. கவனிப்பவர் இத்தனை பேர், அவர்களுக்கு நெல் இவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. நெல் அளக்க வேண்டியிருந்தால் செய்தவரை மறைக்க முடியாது போலும்.

இந்த விதிக்கு அடங்காதவர் அதே ஊருக்கு வந்துபோகிற ஒருவர்தான். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பாரிவேட்டைக்காகப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, அங்கிருந்து பாலாற்றைத் தாண்டித் திருமுக்கூடல் வருகிறார். ஆங்கிலப் பத்திரிகைக்காரர் ‘வாஸ் டேக்கன் அவுட்’, ‘வாஸ் பிராட் டவுன்’ என்று செயப்பாட்டில் எழுதுவார். இலக்கணப்படி அவர் சொல்வது சரி. தோள் காய்த்துப்போன ஸ்ரீபாதந்தாங்கிகள்தானே தூக்குகிறார்கள்? ஆனால் தமிழில் பெருமாள் ‘தூக்கிவரப்பட்டார்’ என்று எழுதிப் பாருங்கள், ஊர் சும்மா விடாது. எழுந்தருளினார், அவ்வளவுதான். தூக்குகிறவர்களைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

கடைசியாக, களப்பணி. சொந்த வேலையாக ஓர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். ஊரும் பெயரும் வேண்டாம். இந்திய ஆபீஸ் இங்கிலீஷில் ‘புட் அப்’ என்றால் கோப்பை மேலதிகாரி மேஜைக்கு அனுப்பி வைப்பது. முதல் தடவை எனக்குக் கிடைத்த பதில், “புட் அப் பண்ணியாச்சு சார்.” இரண்டாம் தடவை, “புட் அப் ஆயிருக்கு சார்.” என் நோட்டில் இதற்கு நட்சத்திரக் குறி போட்டிருக்கிறேன். இங்கிலீஷ் வினை எதுவானாலும் ஆள் இருந்தால் ‘பண்ணு’, ஆள் நழுவினால் ‘ஆகு’. பஸ் பிரேக்டவுன் ஆகும், ஷூட்டிங் பேக்கப் ஆகும், ஃபைல் புட் அப் ஆகும். வாயில் புழங்கும் செயப்பாட்டு வினை இதுதான். கால்டுவெல் காதில் விழ அப்போது ஃபைலும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

மூன்றாம் தடவை போனபோது கோப்பு பழைய அலமாரிக்கே வந்துவிட்டிருந்தது. நாடாவின் முடிச்சுகூட அவிழவில்லை.

“யார் திருப்பி அனுப்பினது?” என்றேன்.

அவர் மின்விசிறியைப் பார்த்தார், நாள்காட்டியைப் பார்த்தார், பிறகு நிதானமாகச் சொன்னார்: “திருப்பி அனுப்பப்பட்டிருக்கு சார்.”

வந்த காரியத்தை மறந்து நோட்டை எடுத்தேன். உயிருள்ள வாயிலிருந்து ஒரு ‘படு’! எத்தனை மணி, எந்த ஜன்னல் என்று எழுதிக்கொண்டு, “இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்டேன்.