லேத்து மாமாவும் ரெண்டு றெக்கையும்

கோவை கணபதியில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு லேத்து மாமா இருப்பார். சட்டைப் பையில் வெர்னியர், காதில் பென்சில். கம்பெனிக்காரன் அனுப்பிய உருவத்திலேயே ஒரு பொருளை வைத்திருப்பது அவருக்கு மானப் பிரச்சினை. டிவிஎஸ் 50க்குப் புல்லுக்கட்டுத் தாங்கி, கிரைண்டரைச் சாய்க்கக் கைப்பிடி, ஊஞ்சலுக்கு பேரிங். ஜி.டி. நாயுடு 1937இல் மின்மோட்டார் செய்த ஊராயிற்றே, என்ன செய்வது!

எங்கள் சந்து மாமாவின் சென்னை மாப்பிள்ளை ஒரு பந்தயக் கேட்டமரான் வாங்கினார். ஹோபி 16. இரண்டு மிதவை, நடுவே இழுத்துக் கட்டிய துணி. அதன்மேல்தான் குந்த வேண்டும். மாமா ஒரே ஒருமுறை குந்தினார். எழுந்தபோது வேட்டி ஈரம், முட்டி காலி.

"மாப்ள, இதென்னுங்க தண்டனையாட்ட இருக்குது? ரெண்டு பக்கமும் றெக்கை வெச்சு சீட்டுப் போட்டர்லாமுங்க."

"றெக்கை வெச்சா பந்தயத்துல சேத்துக்க மாட்டாங்க மாமா."

"பந்தயத்துக்கு யாருங்க போறது? தூக்குப்போசி வெக்க எடம் வேணுமுங்க."

கேட்டமரான் என்ற பெயரே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான் என்று நான் வாயை விட்டது தப்பு. "அப்ப நம்ம சாமானுதானுங்க!" அடுத்த வாரம் படகு மினி லாரியில் அவினாசி ரோட்டில் வந்தது. எந்தக் கோயில் தேர் என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

வேலையில் மட்டும் மாமா விளையாடமாட்டார். அலுமினியக் குழாயும் எஸ்.எஸ். போல்ட்டும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரித்துப்போகும் என்று நடுவே நைலான் புஷ் கடைந்து போட்டார். படகு சாயும்போது கீழ்ப்பக்க றெக்கை தண்ணீரில் இழுபடாதிருக்க, இரண்டையும் மேல்நோக்கிச் சாய்த்தார். "ஆளு வெளிய தள்ளிக் குந்துனா படகு கவுறாதுங்க. வண்டியில முன்பாரம் பின்பாரம் பாக்கறதாட்டத்தான். ஆனா பாய்மரக் கம்பிக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இழுவை ஏறிப்போகும்" என்று அங்கேயும் தாங்கு வைத்தார்.

அதே கம்பெனி 1980களிலேயே ஹோபி 17இல் றெக்கை வைத்துவிட்டதே என்று மாப்பிள்ளை படம் காட்டினார். மாமா அசரவில்லை.

"பாத்தீங்களா, அவனுக்கும் முட்டி வலி."

வெள்ளோட்டத்துக்குச் சென்னை வந்தவர் படகில் ஏறவில்லை. உப்புக்காற்று வெள்ளை வேட்டிக்கு ஆகாதாம். தூக்குப்போசியை மட்டும் றெக்கையில் கட்டி அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரம் மணலில் நின்றார். மாப்பிள்ளை காயாத தலையும் காய்ந்த டவுசருமாகச் சிரித்துக்கொண்டே கரையேறினார். சவுகரியமாக இருந்ததா என்று மாமா கேட்கவில்லை.

"எந்த போல்ட்டுங்க சத்தம் போட்டுது?"