இரண்டு சக்கரத்தில் ஒரு ஃபோர் வீல்

பழைய ஜீப் வாங்கப் போகிறவன் முதலில் தரையில் படுக்க வேண்டும். வண்டிக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

சட்டை அழுக்காகுமே என்று நின்றபடியே பார்த்தேன். நின்று பார்த்தால் எந்த ஜீப்பும் அழகுதான். பச்சை பெயின்ட் நேற்று அடித்ததுபோல் பளபளத்தது. நேற்றுத்தான் அடித்திருந்தார்கள் என்பது உள்ளங்கையில் ஒட்டிய பிறகு தெரிந்தது. கண்ணாடிச் சட்டத்தை மடக்கி பானட்டின் மேல் சாய்த்தேன், நிமிர்த்தினேன், மறுபடி சாய்த்தேன். தரையிலிருந்து மூன்று லீவர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று சாதாரண கியர். மற்ற இரண்டில் ஒன்று முன்சக்கரங்களை எஞ்சினோடு இணைப்பது, இன்னொன்று லோ கியருக்கு மாற்றுவது. புரோக்கர் இரண்டையும் தள்ளிக் காட்டினார். டக், டக் என்று விழுந்தன.

"கேட்டீகளா சார், ஃபோர் வீல் எப்படி விழுதுன்னு?"

கேட்டேன். காதால் கேட்டு வண்டி வாங்கியவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் கல்லூரியில் கணக்குப்பதிவியல் நடத்துகிறவன். தேய்மானம் என்னுடைய பாடம். நேர்கோட்டு முறையில் கணக்கிட்டால் ஒரு சொத்தின் மதிப்பு ஒருநாள் பூஜ்யத்தைத் தொட்டுவிடும். குறைந்துசெல் இருப்பு முறையில் எவ்வளவு தேய்ந்தாலும் ஏதோ கொஞ்சம் மிஞ்சும். ஜீப் இரண்டாவது ரகம் என்று வீட்டில் விளக்கினேன். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம சேமிப்பு எந்த முறைங்க?" என்றாள்.

வண்டியோடு புரோக்கர் ஒரு கதையும் இலவசமாகக் கொடுத்தார்: ரெண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ். பர்மா போர்முனை என்பதை நான் சேர்த்துக்கொண்டேன். கல்யாண வீடுகளில் அது நன்றாக எடுபட்டது. கூட வேலை பார்ப்பவரின் பையன், ஒன்பதாம் வகுப்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியின் மூக்கை விரல் வைத்து எண்ணினான். "அங்கிள், மிலிட்டரி வில்லிஸ் கிரில்லுல ஒன்பது ஸ்லாட் இருக்கும். இதுல ஏழுதான் இருக்கு." பானட் உயரமாக இருப்பதையும் காட்டினான். காற்றை உள்ளே விடும் வால்வுகளைத் தலைமேல் வைத்த உயரமான எஞ்சின் அது. அதற்கு இடம் கொடுக்கத்தான் பானட்டை உயர்த்தினார்கள். சிஜே 3பி என்று பெயர். அமெரிக்காவில் வெளிவந்தது 1953-ல், உலகப் போர் முடிந்து எட்டு வருடம் கழித்து. மகிந்திரா 1947-ல் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்து, பிறகு இந்த மாடலை வெகுகாலம் இங்கேயே தயாரித்தது. 1965 பாகிஸ்தான் போரையாவது என் வண்டி பார்த்திருக்குமா என்று ஆர்.சி. புக்கைப் புரட்டினேன். 1968.

சரி, போர் வேண்டாம், பழமையாவது மிஞ்சுமே என்று தேற்றிக்கொண்டேன். 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட் தருவார்கள். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். ஆனால் அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புவது, பராமரிப்பு, இப்படிச் சில காரியங்களுக்கு மட்டும் தெருவில் இறக்கலாம். எனக்கு அது குறையாகவே படவில்லை. என் வண்டி ஏற்கெனவே அந்த விதிப்படிதான் ஓடிக்கொண்டிருந்தது, பட்டறைக்குப் போகும், வரும். சிக்கல் வேறு இடத்தில். சேஸ், பாடி, எஞ்சின் எதையும் பெரிதாக மாற்றாமல் அசல் வடிவில் இருக்க வேண்டுமாம். டிங்கர் பாடியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். "இது புதுத் தகடு சார். இந்த எடம் முழுக்க பட்டி. இந்தக் கதவுக்கட்டு வேற ஏதோ வண்டியோடது." பழசு என்ற பட்டத்துக்குக்கூட அது தேறவில்லை.

எங்கள் ஊர் போடி. இங்கே ஜீப் என்பது ஆசைப்பட்டு வாங்கும் பொருளல்ல. விடியும் முன்பே போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ இடுக்கி மாவட்டத்துக்கு ஏறி, சாயங்காலம் இறங்குவார்கள். அந்த டிரைவர்களுக்கு முன்னால் நான் புது பெயின்ட் அடித்த ஜீப்பில், வேலை எதுவும் இல்லாமல், கூலிங் கிளாஸோடு மலையேறினேன். 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒவ்வொருவருக்கும் கையசைத்தேன். சிலர் பதிலுக்குக் கையசைத்தார்கள். வண்டியின் பின்பக்கம் ஏதோ தொங்குகிறது என்று ஜாடை காட்டியதுதான் அது என்பது பிறகு தெரிந்தது. சைலன்சர்.

பூப்பாறைக்கு அப்பால் நண்பரின் தோட்டத்துக்கு ஒரு மண்பாதை உண்டு. ஜூன் மாதம், மழை. பாதி ஏற்றத்தில் பின்சக்கரம் சறுக்கியது. பதறவில்லை. இதற்காகத்தானே வாங்கினோம் என்று ஒரு பூரிப்புகூட வந்தது. வண்டியை நிறுத்தி, பக்கத்தில் இருந்த நண்பர் பார்க்கும்படியாக முன் லீவரைத் தள்ளினேன். டக். அடுத்ததையும். டக். கிளட்சை விட்டேன். பின்சக்கரங்கள் இரண்டும் தங்களுக்குப் போதுமான குழியைத் தோண்டிக்கொண்டன. முன்சக்கரங்கள் அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். குழி ஆழமாயிற்று.

மேலேயிருந்து ஒரு தோட்டத்து ஜீப் வந்து நின்றது. டிரைவர் முப்பது வயதிருக்கும். இறங்கினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் வாங்கும்போது செய்யாததை அவர் அந்தச் சேற்றில் செய்தார், படுத்தார். எழுந்தபோது முதுகு முழுக்கச் செம்மண்.

"சார், முன்னாடி ஷாஃப்டே இல்லையே."

"லீவர் விழுதேப்பா."

"லீவர் விழும் சார். விழுந்து என்ன செய்ய?"

விஷயம் எளிமையானது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிறது. அங்கிருந்து முன் ஆக்சிலுக்கு ஒரு ஷாஃப்ட் போகிறது. மைலேஜ் கூடும் என்று அந்த ஷாஃப்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். கழற்றியது பழைய இரும்புக்குப் போயிருக்கும். லீவர்கள் மட்டும் அங்கேயே இருக்கும், என்னைப் போல ஒருவன் வரும்வரை. வண்டியைத் தோட்டத்துப் பெண்கள் தள்ளித்தான் ஏற்றினார்கள். ஒரு அம்மா, "ஏந்தம்பி, இத வச்சு நீங்க எங்களக் கூட்டிட்டுப் போகணுமா, நாங்க உங்களக் கூட்டிட்டுப் போகணுமா?" என்று கேட்டபோது கூட்டம் சிரித்து முடிக்க நேரமாயிற்று. நண்பரும் சிரித்தார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று இரவு, இனி நானே கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். புத்தகம் வாங்கிப் படித்தேன். படித்ததில் ஒரு செய்தி உறுத்தியது. 1940-ல் அமெரிக்க ராணுவம் இப்படியொரு வண்டி வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்கு எழுதியது. முதல் மாதிரியை 49 நாளில் தர வேண்டும் என்று கெடு. பான்டம் என்ற சின்ன கம்பெனிக்காக கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் படம் வரைந்து கொடுக்க, கெடுவுக்குள் வண்டி வந்து நின்றது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேல் செய்து குவித்தன. ஸ்பேனரைப் புதிதாகப் பிடிக்கும் சிப்பாய்கூட வழியில் பழுது பார்க்கக்கூடிய வண்டி அது. இதன் மறுபக்கம் எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. இந்த வண்டியில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது, எதன்மேலும் பழி போட முடியாது. ஏதாவது கெட்டால் ஒன்று அது தேய்ந்திருக்க வேண்டும், அல்லது நான் கை வைத்திருக்க வேண்டும்.

முதலில் கை வைத்தது டயரில். வலதுபுறச் சக்கரம் சுலபமாகக் கழன்றது. அந்த உற்சாகத்தில் இடதுபுறம் போனேன். நட் அசையவில்லை. துருப்பிடித்திருக்கிறது என்று மண்ணெண்ணெய் ஊற்றினேன். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி நீளம் கூட்டினேன். பிறகு அதன்மேல் ஏறி நின்றேன். நான் எண்பது கிலோ. போல்ட்டின் நுனியில் 'எல்' என்று ஓர் எழுத்து அடித்திருந்தது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மனைவியிடம், "லூகாஸ் தயாரிப்பு போலிருக்கு, அதான் இவ்வளவு உறுதி" என்று விளக்கினேன். ஸ்பேனரின்மேல் குதித்தேன். படார். நட் கழலவில்லை; போல்ட் முறிந்து நட்டோடு தெருவில் உருண்டது. அடுத்த நட்டுக்கும் அதே வைத்தியம் செய்தேன்.

பட்டறை பாய் வந்து பார்த்தார். அறுபது வயதுக்காரர், எதற்கும் குரலை உயர்த்தாதவர். "சார், இந்தக் காலத்து ஜீப்புல இடப்பக்கம் இடமரை. ஓடுற ஓட்டத்துல நட்டு தானா லூசாகக் கூடாதுன்னு வச்சிருக்கான். 'எல்'னா லெஃப்ட்டு." அதாவது அவ்வளவு நேரமும் நான் முழு உடல் எடையையும் போட்டு இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். "மரை கழண்ட ஆளுங்கள நெறையப் பாத்திருக்கேன் சார். மரையை இப்படி முறிச்சவங்களைப் பாக்கல" என்றபடி மீதி நட்டுகளை எதிர்ப்பக்கமாகத் திருப்பினார். ஒரே அழுத்தில் கழன்றன.

அடுத்து ஸ்பார்க் பிளக். நான்கையும் கழற்றித் துடைத்து, பிளக் வயர்களை 1, 2, 3, 4 என்று வரிசையாக மாட்டினேன். வரிசை எண்ணைக் கலைப்பது எங்கள் தொழிலில் பெருங்குற்றம். ஜீப்பின் வரிசையோ 1, 3, 4, 2. ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து கிளம்பிய சத்தத்தில் எதிர்வீட்டுத் தாத்தா, தீபாவளிக்கு இன்னும் நாளிருக்கிறதே என்று வெளியே வந்தார். பிரேக் ஆயில் ஊற்ற பானட்டைத் திறந்து டப்பாவைத் தேடிய நாளும் ஒன்று உண்டு. கார்களில் அது பானட்டுக்குள் இருக்கும். இதில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலுக்குக் கீழே சேஸில் இருக்கிறது. தரைத்தகட்டில் ஒரு சின்ன மூடி. அந்த மூடியின்மேல்தான் நான் ஆசையாக வாங்கிய ரப்பர் மேட்டை பசை போட்டு ஒட்டியிருந்தேன்.

முன் ஷாஃப்டுக்காக சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய வண்டிகளின் உறுப்புகள் தெருத்தெருவாகக் குவிந்து கிடக்கும் இடம். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஆக்சில் வரை நூல் பிடித்து அளந்து, அந்த நூலைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் நூலைக் கையில் வாங்கவே இல்லை. "கிராஸ் சென்டர்லேர்ந்து சென்டரா, வெளியிலேர்ந்து வெளியா?" என்றார். சற்று யோசித்து, இரண்டுக்கும் நடுவில் என்று சொன்னேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். வாங்கி வந்த ஷாஃப்ட் நீளமாக இருந்தது. பாய் சொன்ன லேத்தில் அதை வெட்டி, ஒட்டி, சுழற்றிப் பார்த்து மாட்டினார்கள். வெட்டிய கூலி ஷாஃப்டின் விலையைத் தாண்டியது. இதைப் பேரேட்டில் மூலதனச் செலவாகக் காட்டுவதா, பராமரிப்பாகக் காட்டுவதா என்று ஒரு மாணவனிடம் கேட்டேன். நஷ்டம் என்று எழுதலாம் சார் என்றான். நல்ல மாணவன்.

மறுபடி மழை, மறுபடி பூப்பாறைப் பாதை. நண்பரை வேண்டுமென்றே அழைத்துப் போனேன். அதே ஏற்றம். வண்டியை நிறுத்தினேன். இரண்டு லீவர்களையும் தள்ளினேன். கிளட்சை விட்டேன். அடியில் முன் ஷாஃப்ட் சுழலும் ஓசை காதில் விழுந்தது. பின்சக்கரங்கள் குழி தோண்டின. முன்சக்கரங்கள் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஜீப் வந்தது. அவரேதான். எங்களைப் பார்த்ததும் ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டு இறங்கினார். இந்த முறை படுத்துப் பார்த்ததும் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. "ஷாஃப்ட் போட்டீக சார்!" பிறகு முன்சக்கரத்தின் நடுவில் இருந்த குமிழைத் தடவினார். ஃப்ரீ வீல் ஹப். அதைக் கையால் திருப்பி 'லாக்' என்ற இடத்தில் வைத்தால்தான் ஆக்சில் சக்கரத்தைப் பிடிக்கும். 'ஃப்ரீ'யில் இருந்தால் உள்ளே எல்லாம் சுற்றும், சக்கரம் மட்டும் சும்மா நிற்கும். 'ஃப்ரீ', 'லாக்' என்று அதன்மேல் பொறித்திருந்த எழுத்துகளை அவர் தேடினார். கிடைக்கவில்லை. இரண்டு ஹப்புக்கும் பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று நான் இரண்டு கோட் சிவப்பு பெயின்ட் அடித்திருந்தேன்.

சாவியால் பெயின்ட்டைச் சுரண்டி, குமிழைத் திருப்பிவிட்டார். அடுத்த பக்கமும். வண்டி முனகிக்கொண்டு ஏறியது. ஏற்றத்தின் மேலே நிறுத்திவிட்டு, நன்றி சொல்ல இறங்கி நடந்தேன். அவர் தன் ஜீப்பில் ஏறி, அதற்குள் உட்கார்ந்திருந்த பெண்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் மொத்தமாக என் பக்கம் திரும்பினார்கள். பணம் நீட்டினேன். வாங்கவில்லை.

"அதெல்லாம் வேணாம் சார். அடுத்தாப்புல என்னைக்கு வர்றீகன்னு மட்டும் சொல்லுங்க. நான் கொஞ்சம் முந்தியே கெளம்பி வந்துர்றேன்."