பொருள்: ஷூட்டிங் கட்டணம் வசூலித்தமைக்கு நன்றி கூறல் – தொடர்பாக

அனுப்புநர்: சொந்தமாகக் கேரவன் வைத்திருக்கும் ஒரு குடும்பஸ்தன்.

பெறுநர்: மேன்மை தங்கிய நிர்வாகம், கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பேரூராட்சி ஒன்று. (ஊர்ப் பெயர் எழுதவில்லை. எழுதினால் மற்ற ஊர்கள் கோபித்துக்கொள்ளும்.)

பார்வை: வாகன நிறுத்த ரசீது, ரூ.1,500. ‘ஷூட்டிங் வண்டி’ என்று பேனாவால் எழுதப்பட்டது.

ஐயா,

இத்தனை வருடக் குடித்தனத்தில் என் மனைவியைக் கதாநாயகி என்று யாரும் சொன்னதில்லை, என்னையும் சேர்த்து. தங்கள் குத்தகைதாரரின் பையன் போன வாரம் ஒரே நிமிடத்தில் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஜன்னல் திரையை உற்றுப் பார்த்தார். “உள்ள யாரு சார்?” என்றார்.

“என் வீட்டம்மாப்பா.”

“அது சரி சார். எந்தப் படம்?”

கார் 50, வேன் 100 என்று பலகை சொன்னது. கேரவன் என்றால் ஷூட்டிங், ஷூட்டிங் என்றால் 1,500 என்று பையன் சொன்னார். பலகை பெரிதா, பையன் பெரிதா? கட்டினேன். அப்போது கதாநாயகி முழங்காலில் தைல வாசனையோடு, கையில் பிளாஸ்க்கோடு படியிறங்கினார். பையன் முகம் வாடியது. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். பணம் திரும்பி வரவில்லை.

எங்கள் வண்டி ஒரு பழைய டெம்போ டிராவலர். சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு சின்னக் கழிப்பறை வைத்திருக்கிறோம். உண்மையைச் சொன்னால் அந்தக் கழிப்பறைக்காகத்தான் வண்டியே. ரிட்டயர் ஆனதும் சென்னையிலிருந்து கடலைப் பிடித்துக்கொண்டே தனுஷ்கோடி வரை போக வேண்டும் என்பது அம்மணியின் ஆசை. இப்படியும் சிலர் கிளம்புவார்கள் என்று மத்திய அரசுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. 2004இல் வெளியிட்ட வாகன வகைப் பட்டியலில் ‘சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன்’ என்று ஒரு வரி வைத்திருக்கிறார்கள். அந்த வரி டெல்லியிலிருந்து கடற்கரைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஒரு சுங்கச்சாவடியில் நாங்கள் கார், அடுத்ததில் மினி பஸ், அதற்கடுத்ததில் “எந்தக் கட்சிப் பிரசாரம்?” என்றார்கள். நாகப்பட்டினத்துக்குக் கடலோரமாகவே போனால் புதுச்சேரி, காரைக்கால் என்று யூனியன் பிரதேசத்துக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வர வேண்டும். அங்கேயும் கேள்வி ஒன்றுதான்: உள்ளே யார்? கதாநாயகி தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை வெளியே கேட்டதால் விட்டுவிட்டார்கள்.

தங்கள் மரபு பெரிய மரபு, ஐயா. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்கு விட்டார். அவர்கள் கடலைப் பார்த்து ஒரு கோட்டையே கட்டிக்கொண்டார்கள். நாங்கள் ஓர் இரவுக்குக் கட்டியதற்கு இரண்டு சேர் போட்டு உட்கார்ந்தோம். அதையும் மடக்கச் சொன்னார் பையன். ‘செட் போட’ தனிக் கட்டணமாம். சரபோஜி மன்னர் எங்கோ நெப்போலியன் தோற்றதற்கு மல்லிப்பட்டினம் கடற்கரையில் 1814-15இல் மனோரா கோபுரத்தை எழுப்பினார். எங்களை வென்றதற்குத் தாங்களும் ஒரு கோபுரம் எழுப்பலாம். திறப்பு விழாவுக்குக் கதாநாயகியின் கால்ஷீட்டுக்கு நான் பொறுப்பு.

கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை அறிவித்தது. நம் அரசின் 2023 சுற்றுலாக் கொள்கையில் கேரவன் சுற்றுலாவும் இருக்கிறது, திரைப்படச் சுற்றுலாவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே ரசீதில் நிறைவேற்றிய பெருமை தங்களையே சாரும்.

இனி அன்றைய இரவுக் காட்சி. வண்டியின் கழிவுத் தொட்டி நிரம்பிவிட்டது. எங்கே காலி செய்வது என்று கேட்டேன். பையன் யோசிக்கவே இல்லை, “அதோ வாய்க்கால்” என்றார். அந்த வாய்க்கால் கடலில் விழுகிற இடத்தில்தான் விடிந்தால் வலை உலர்த்துகிறார்கள். வேண்டாம் என்று தொட்டியை மூடிவைத்தோம். பத்து மணிக்கு மேல் கடற்கரையில் நிற்கக் கூடாது என்று ஒரு விசில் வந்தது. 1,500 ரூபாய் பத்து மணி வரைக்கும்தானாம். பேருந்து நிலையத்துக்கு வண்டியை நகர்த்தினோம். அங்கே தங்கள் கட்டணக் கழிப்பறை இருந்தது, பூட்டோடு. சாவி வைத்திருப்பவர் ஒன்பது மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவாராம்.

அவளுக்குச் சர்க்கரை, ஐயா. அறுபது தாண்டியவள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவள். கருவேலம் புதருக்குப் பின்னால் போன் வெளிச்சத்தில் ஒதுங்கினாள். நாய்கள் குரைத்தன. நான் முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றேன். வசூலுக்கு ஆள் போடத் தெரிகிறது, கழிப்பறையைத் திறந்துவைக்க ஓர் ஆள் கிடைக்கவில்லையா? வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற பெண்கள் எங்கே போவார்கள்? மீன் கூடையோடு முதல் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள்? எல்லாரும் இருட்டைத் தேடித்தான் போகிறார்கள். அந்த இருட்டிலும் தெருவிளக்கு ஒன்றைப் போட்டு, கீழே தங்கள் பெயரைக் கல்வெட்டாக வைத்திருக்கிறீர்கள். வெட்கமாக இல்லை?

மன்னிக்கவும். வசனம் நீண்டுவிட்டது. டைரக்டர் அப்போதே ‘கட்’ சொல்லியிருக்க வேண்டும்.

தங்கள் ஊர் அழகான ஊர். காலையில் டீக்கடைக்காரர் எங்கள் தண்ணீர்த் தொட்டியைக் காசு வாங்காமல் நிரப்பிக் கொடுத்தார். அவரும் ‘உள்ள யாரு?’ என்றுதான் கேட்டார். உண்மையைச் சொன்னதும், “அக்காவை வரச் சொல்லுங்க சார், வீட்டுல பாத்ரூம் இருக்கு” என்றார். அவருக்கு டெண்டர் எதுவும் கொடுத்துவிடாதீர்கள், கெட்டுப்போய்விடுவார்.

தனுஷ்கோடியிலிருந்து திரும்பும்போதும் தங்கள் ஊர் வழியாகத்தான் வர வேண்டும். 1,500 ரூபாயை எடுத்து வைத்துவிட்டோம், படப்பிடிப்பு தொடரட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்தச் சாவி யார் வீட்டு ஆணியில் தொங்கும் என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கதாநாயகியின் வீட்டுக்காரர்.

இணைப்பு: ரசீது நகல் – 1, செல்ஃபி – பையனிடம் உள்ளது.

நகல்: வங்காள விரிகுடா – வாய்க்கால் குறித்த தகவலுக்காகவும், தக்க மேல் நடவடிக்கைக்காகவும்.