கண்ணுக்குப் புலப்படாதது குறித்து ஒரு விண்ணப்பம்

பள்ளிக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பெருங்கடமையைத் தோளில் தாங்கி நிற்கும் அலுவலகத்தின் மேலதிகாரி அவர்கள் சமூகத்துக்கு, வாலாஜாபாத்துவாசியும் பள்ளிப் பிள்ளையொருத்தியின் தகப்பனுமாகிய அடியேன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

பழைய வகுப்பறைக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரித்தபோது பறந்த தூசியைப் பற்றி அடியேன் கொடுத்த மனுவுக்குத் தாங்கள் அனுப்பிய மறுமொழி நேற்றுக் கிடைத்தது. "நேரில் ஆய்வு செய்ததில் தீங்கு விளைவிக்கும் தூசி எதுவும் கண்ணுக்குப் புலப்படவில்லை, எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது" என்னும் அந்த ஒற்றை வாக்கியத்தின் சுருக்கத்தையும் கம்பீரத்தையும் வியந்து முடிப்பதற்குள், மனு முடிந்த விதம் திருப்திதானா என்று வினவும் குறுஞ்செய்தியும் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. விளக்கம் கேட்க நேரில் வந்தபோது, "கல்குவாரி லாரித் தூசியைத் தினம் தின்கிற ஊர்க்காரருக்கு இதுவும் ஒரு தூசியா?" என்று தங்கள் ஊழியர் ஒருவர் கேட்க, அறையிலிருந்தோர் யாவரும் சிரித்து மகிழ்ந்தார்கள். என் பொருட்டு ஓர் அரசாங்க அலுவலகத்தில் இவ்வளவு சந்தோஷம் உண்டானது இதுவே முதல் தடவை.

தங்கள் கண்ணின் மகிமையை நான் அன்றுதான் உணர்ந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நாரின் இழை தலைமயிரைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லியது. காற்றில் பல மணி நேரம் மிதக்க வல்லது. அதை எண்ணுவதற்கு நுண்ணோக்கி வேண்டும் என்று உலகத்து விஞ்ஞானிகள் சொல்லிக்கொண்டிருக்க, தாங்களோ வாசலில் நின்று வெறுங்கண்ணால் ஒருமுறை நோக்கி, அது இல்லையென்று தீர்மானித்துவிட்டீர்கள். தம் கண்ணை நம்பத் தெரியாத அமெரிக்கர்கள் 1986-இல் இதற்கென்றே சட்டம் செய்து, பயிற்சி பெற்ற ஆய்வாளரைப் பள்ளிதோறும் அனுப்பி, மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடியும் பார்க்கச் சொல்லி, அந்த விவரங்களைப் பெற்றோர் கேட்டால் காட்டவும் வேண்டுமென்று விதித்து, வீண் சிரமத்துக்கு ஆளாகியிருக்கிறார்கள். தங்கள் கண்களுள் ஒன்றை இரவல் கொடுத்திருந்தால் அந்தத் தேசத்துக்கு எவ்வளவு பணம் மிச்சமாகியிருக்கும்!

அக்கண்ணுக்குப் புலப்படாதவை வேறு சிலவும் உண்டு. கொக்கி போல்ட்டுகள் துருப்பிடித்துக் கழலாமற்போகவே, ஷீட்டுகளைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கித் தள்ளியது புலப்படவில்லை. தள்ளியவர்கள் மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டதைத் தவிர வேறு காப்பின்றி நின்றது புலப்படவில்லை. அபாயகரக் கழிவுகளுக்கான 2016-ஆம் வருஷத்து விதிகளின் அட்டவணையில் ஆஸ்பெஸ்டாஸ் கழிவும் இடம்பெற்றிருப்பதும், அத்தகைய கழிவுகளைப் புதைக்கவென்றே கும்மிடிப்பூண்டியில் தனி இடம் இருப்பதும் புலப்படவில்லை. ஆகையால் உடைந்த துண்டுகள் அவ்வளவு தூரம் பிரயாணம் செய்யாமல், விளையாட்டு மைதானத்துப் பள்ளத்தை நிரப்பும் புண்ணிய காரியத்துக்கு உபயோகமாயின. எஞ்சியவற்றில் தட்டையான சில்லுகளாகப் பார்த்துப் பொறுக்கிப் பெண்பிள்ளைகள் பாண்டி ஆடினார்கள். என் மகள் கொண்டுவந்த சில்லு ஒன்றை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்திருக்கிறேன். கண்ணுக்குப் புலப்படும் அளவில்தான் இருக்கிறது.

இந்தக் கூரை வந்த கதையையும் தாங்கள் அறிவீர்கள். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளியொன்றில் 94 குழந்தைகள் தீயில் வெந்து மாண்ட பிறகு, பள்ளிகளின் கீற்றுக் கொட்டகைகள் இறங்கின. நெருப்புக்கு அசையாத பொருள் என்ற கீர்த்தியோடு பல இடங்களில் இந்த ஷீட் ஏறியது. 2021 டிசம்பரில் திருநெல்வேலிப் பள்ளியொன்றில் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழுதான கட்டடங்களையெல்லாம் இடிக்கும் அவசரம் பிறந்தது. ஒவ்வொரு அபாயத்துக்கும் ஒரு சாவு முன்னோடியாக வந்து வழிகாட்டினால்தான் நமக்குப் பார்வை திறக்கிறது. கல்நார் அந்த மரியாதையைச் செய்வதில்லை. அது தரும் புற்றுநோய் தலைகாட்ட இருபது, முப்பது, சில வேளைகளில் ஐம்பது வருஷங்கூட ஆகும்; அதற்குள் ஒப்பந்தக்காரர் மாறி, அதிகாரி ஓய்வுபெற்று, கோப்பு கரையானுக்குப் போய்விடும்.

ஒருநாள் தூசியால் எல்லாப் பிள்ளைகளுக்கும் நோய் வந்துவிடும் என்று நான் கூறவில்லை. உடையாத ஷீட் தலைக்குமேல் சும்மா கிடக்கையில் இழையை அதிகம் உதிர்ப்பதில்லை என்பதும் தெரியும். உடைக்கும்போதுதானே ஆபத்து! அன்றைக்கு நாங்கள் கேட்டது என்ன? நனைக்கத் தண்ணீர், மூடத் தார்ப்பாய், வேலை முடியும்வரை பள்ளிக்கு விடுமுறை. இதைக் கொடுக்க வக்கில்லாமல், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் தென்னந்துடைப்பத்தைக் கொடுத்து, காய்ந்த தூசியைப் பெருக்க வைத்தீர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை அந்த வரிசையில் நின்றிருந்தால் பார்த்துக்கொண்டிருப்பீர்களா?

க்ஷமிக்க வேண்டும். வார்த்தை தடித்துவிட்டது. குற்றம் தங்களுடையது மட்டுமன்று. கல்நாரை வெட்டியெடுக்கப் புதிய உரிமம் தருவதை நெடுநாளைக்கு முன்பே நிறுத்திவிட்ட நம் தேசம், அதே சரக்கை ருஷ்யா முதலிய தேசங்களிலிருந்து கப்பலில் இறக்குமதி செய்துகொள்கிறது. நம் மாகாண சர்க்காரின் சிமெண்டுக் கழகமே ஆலங்குளத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் செய்து விற்றிருக்கிறது. பக்கத்திலுள்ள கேரளத்தில் மனித உரிமை ஆணையம் 2009-லேயே, பள்ளிக் கூரைகளிலிருந்து இதைப் படிப்படியாக அகற்றி ஓடு வேயச் சொன்னது. இவ்வளவு பெரியவர்களுக்கே புலப்படாத ஒன்று தங்களுக்குப் புலப்படவில்லையென்றால் அதில் அதிசயம் என்ன?

நமக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துச் சபை விதிகளைப் பொறித்துவைத்தவர்கள் மட்டும் சற்றுக் கூரிய பார்வையுடையவர்கள் போலும். கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவின்முறையாரையும் வாரியத்துக்கு ஆகாதென்று விலக்கியிருக்கிறார்கள். அவ்விதி இன்றும் அமுலில் இருந்தால் பள்ளிக் கட்டட காண்ட்ராக்டுக்கு ஆள் கிடைப்பது துர்லபம்.

ஆகவே மனுவை மறுபடி திறக்கும்படி கேட்டுத் தங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். பிரார்த்தனை ஒன்றே. ஆஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளரின் உடல்நிலைப் பதிவேட்டைக் குறைந்தது 40 வருஷம் காக்க வேண்டுமென்று 1995 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. கூலி வாங்கி வேலை செய்பவனுக்கு அந்தப் பாதுகாப்பு. கூலியில்லாமல் பெருக்கிய பிள்ளைக்கு ஒரு வரிகூட இல்லை. அன்று வருகைப் பதிவேட்டில் இருந்த மாணவர்கள், ஆசிரியர்கள், சத்துணவுப் பணியாளர்கள், கூரை பிரித்த கூலியாட்கள் ஆகியோரின் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதைக் கோப்பில் சேர்த்து, மேலட்டையில் 2065 வரை அழிக்கலாகாது என்று சிவப்பு மையில் எழுதிவைக்க வேண்டும். எனக்குப் பதில் வேண்டியதில்லை. பட்டியலைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்ட ரசீது ஒன்று கொடுத்தனுப்பினால் போதும்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
பிள்ளையைப் பெற்றவன்.