சோம்பேறிகளுக்காகக் கட்டிய ஊர்

காரை வீட்டில் விட்டுவிட்டு நடந்தே காரியம் பார்க்கிற மலையாற்று ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள், முதலில் அந்த ஊர்க்காரர்களின் உடற்கட்டையும் ஒழுக்கத்தையும் புகழ்ந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தைப் பொறுத்தவரை இந்தப் புகழ்ச்சி ஆள் மாறிப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது என் கட்சி. அங்கே மக்கள் நடக்கிறார்கள், ஆற்றில் இறங்குகிறார்கள், கரையில் கூடிக் கதை பேசுகிறார்கள், எல்லாம் உண்மை. ஆனால் காரணம் சுறுசுறுப்பு அல்ல. ஒரு முழுச் சோம்பேறியை மனத்தில் நிறுத்தி, அவன் என்னென்ன சாக்குச் சொல்வான் என்று யோசித்து, ஒவ்வொன்றையும் ஊர் முன்கூட்டியே அடைத்துவிட்டிருக்கிறது. மழை பெய்கிறதே என்பான்; பழைய நகரத்தில் கடைகளுக்கு முன்னால் ஏறத்தாழ 6 கிலோமீட்டருக்குக் கூரை போட்ட கல் நடைபாதை இருக்கிறது. மேடு ஏற முடியாது என்பான். கீழ்த்தெருவிலிருந்து பெரிய தேவாலயத்து முற்றத்துக்கு 1897 முதல் மின்தூக்கி ஓடுகிறது. குடையும் வேண்டாம், மூட்டுவலியும் வேண்டாம் என்றால் யார்தான் நடக்க மாட்டார்கள்?

இந்தக் கட்சிக்குப் பெரிய சாட்சி ஆரே ஆறு. பெர்ன் மலையுச்சி ஊர் அல்ல. ஆனால் ஆறு அசல் மலைச்சரக்கு. ஆல்ப்ஸ் பனியாறுகளில் பிறந்து, பிரியன்ஸ், தூன் என்ற இரண்டு ஏரிகளுக்குள் புகுந்து வெளியேறி, பழைய நகரத்தை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு விறுவிறுவென்று ஓடுகிறது. கோடையில் அலுவலகம் விட்டதும் கூட்டம் மார்சிலி என்ற ஆற்றங்கரைக் குளியலிடத்துக்கு இறங்கி வரும். நுழைவுக் கட்டணம் கிடையாது. சட்டை, செருப்பு, சாவி, கைபேசி எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரு பையில் திணித்து, வாயைச் சுருட்டிக் கொக்கியை மாட்டிக்கொண்டு, நீச்சலுடையோடு கரையோரமாக ஆறு வரும் திசையை நோக்கி நடப்பார்கள். ஐக்ஹோல்ட்ஸ் பக்கம் போய்க் குதித்தால் முடிந்தது; அப்புறம் வேலை ஆற்றுடையது. கையைக் காலை லேசாக அசைத்தபடி, பை பக்கத்தில் மிதந்துவர, பேச்சு அறுபடாமல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். நீச்சல் என்று இதற்குப் பெயர் வைத்தது மரியாதைக்காக. இந்த மிதப்பு சுவிஸ் அரசின் 'வாழும் மரபுகள்' பட்டியலிலேயே ஏறியிருக்கிறது.

எதிர்திசையில் நடக்கிறார்களே, அது உழைப்பில்லையா என்று கேட்கலாம். உழைப்புதான், ஆனால் கூலி கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும்போது அது உழைப்பாகத் தெரிவதில்லை. தவிரவும், ஊர்க்கூட்டம் நடப்பது அந்தப் பாதையில்தான். சமூக ஒற்றுமைக்கு மண்டபம் கட்டி, நாற்காலி அடுக்கி, தலைமையுரைக்கு ஆள் தேடுவது நமக்குத் தெரிந்த முறை. ஈர உடம்போடு வெறுங்காலில் நடக்கிறவர்களிடம் தலைமையுரை எடுபடாது. மார்சிலிக்கு நேர் மேலே நிற்பது நாட்டின் நாடாளுமன்றம். அங்கிருந்து இறங்கி வருகிற உறுப்பினரையும் அவருடைய கோப்பைத் தூக்கி வருகிற எழுத்தரையும் நீச்சலுடையில் பார்த்து யார் யாரென்று கண்டுபிடிப்பது கஷ்டம். தண்ணீர் எத்தனை டிகிரி என்பதுதான் இருவருக்கும் பொதுப்பேச்சு. கட்சி பேதமில்லாமல் விவாதிக்க இதைவிடப் பத்திரமான விஷயம் இல்லை.

ஆபத்தில்லையா என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. இந்த ஆறு ஆளைக் கொன்றிருக்கிறது. தண்ணீர் ஜில்லென்று இருக்கும், இழுப்பு வேகம். மார்சிலியைத் தாண்டிப் போனால் தடுப்பணை காத்திருக்கிறது. ஆனால் கவனியுங்கள், இங்கேயும் ஊர் வீரனை நம்பவில்லை. கரை நெடுகப் படிகள் வைத்து, தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி சிவப்புக் கைப்பிடிக் கம்பிகள் நட்டிருக்கிறார்கள். நன்றாக நீந்தத் தெரியாதவர் இறங்கக் கூடாது, தனியாகப் போகக் கூடாது, குடித்துவிட்டு இறங்கக் கூடாது, கரையேறுகிற இடத்துக்கு வெகுமுன்பே ஓரமாக ஒதுங்கிவிட வேண்டும். ஒரு கம்பியைத் தவறவிட்டவருக்கு அடுத்த கம்பி உண்டு; கடைசிக் கம்பிக்கு அப்புறம் சலுகை இல்லை. சோம்பேறித்தனத்துக்கும் அலட்சியத்துக்கும் நடுவே இவ்வளவு கறாராகக் கோடு போட்ட ஊர் அபூர்வம்.

பணக்கார நாடு, அதனால் முடிகிறது என்பார்கள். கம்பிக்கும் படிக்கும் மண்பாதைக்கும் பெரிய பணம் வேண்டாம். பணம் போன இடம் கண்ணுக்குத் தெரியாத இடம்: சாக்கடை. அந்த நாட்டு ஆறுகளும் ஒரு காலத்தில் கழிவுநீரைச் சுமந்தவைதான். 1963இல் செர்மாட் என்ற மலைச் சுற்றுலா ஊரில், குடிநீரில் கழிவு கலந்து டைபாய்டு பரவி 400க்கும் மேற்பட்டோர் படுத்துவிட்டார்கள். பனிச்சறுக்க வந்தவர்கள் காய்ச்சலோடு ஊர் திரும்பினார்கள். இப்படிப் பட்ட பிறகு, 1971இல் வந்த சட்டம் கழிவுநீரைச் சுத்திகரித்தே ஆற்றில் விட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஆகவே பணம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாக்கடையை ஆற்றில் விட்டுவிட்டு, அதன் கரையில் அலங்கார விளக்கு நடுவதற்கும் பணம்தான் செலவாகிறது.

மிச்சம் ஒரு சிக்கல். மிதந்து வந்தவர் பள்ளத்தில் கரையேறுகிறார், வீடும் கடைத்தெருவும் மேட்டில். இதற்கு 1885லேயே விடை கண்டாயிற்று: 105 மீட்டர் நீளத்துக்கு ஓர் இழுவை ரயில். மேலே நிற்கிற பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள். அந்தக் கனத்தில் அது இறங்க, கயிற்றின் மறுமுனையில் கீழ்ப்பெட்டி ஏறும். மனிதனை இறக்கியதும் தண்ணீர், ஏற்றியதும் தண்ணீர். 1974இல்தான் மின்சாரத்துக்கு மாறினார்கள். பக்கத்தில் நடந்து ஏறவும் வழி உண்டு. சுறுசுறுப்பானவர்களையும் ஊர் ஒரேயடியாகக் கைவிட்டுவிடவில்லை.