மக்கள் பனியில் 25 ஆண்டுகள்

எங்கள் தெருமுனையில் ஒரு பேனர். வெள்ளை வேட்டி, கூப்பிய கை, கீழே முழங்கை நீள எழுத்தில் ‘மக்கள் பனியில் 25 ஆண்டுகள்’. சித்திரை வெயிலில் நின்று படித்தபோது எனக்கே லேசாகக் குளிர்ந்தது. மேடைக்கு மேடை அவருக்கு ஏன் அத்தனை பொன்னாடை போர்த்துகிறார்கள் என்பதும் அன்றுதான் புரிந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதை பிளெக்ஸ் கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வாசகம் வாட்ஸ்அப்பில் வரும், ஆங்கில எழுத்தில். அதில் பணியும் ஒன்றுதான், பனியும் ஒன்றுதான். கணினி முன்னால் இருக்கும் பையன் கைக்கு வந்த ‘னி’யைத் தட்டிவிட்டு, “அண்ணே, ஒரு தடவ படிச்சுப் பாத்துருங்க” என்பான்.

“எழுத்த எவன்டா பாக்குறான்? மாவட்டத்தோட தலைய விட என் தலை பெருசாயிடக் கூடாது. அத மட்டும் பாரு.”

தலை மூன்று முறை அளக்கப்படும். எந்தத் தலைக்கு மேல் எந்தத் தலை என்பதற்கு போனில் ஒப்புதலும் வாங்கப்படும். பிழை திருத்தம் என்றால் அங்கே அவ்வளவுதான். தமிழுக்குச் செம்மொழித் தகுதி வந்தது 2004-ல். அதற்கும் பேனர் வைத்தவர்கள்தான் இவர்கள்.

அண்ணன்மார்களே, மக்கள் பணிக்கு மூன்று சுழி ‘ண’ போடுங்கள். பிளெக்ஸுக்குச் சதுர அடிக்குத்தான் காசு, சுழிக்கு இல்லை.